உச்சியில் ஒரு கணம் நிற்கும் பந்தின் மீது விசை உண்டா?

அறிவியல் ஆசிரியை – தொடக்கப் பதிவு

ஒன்பதாம் வகுப்பில் விசையும் இயக்கமும் பற்றிய பாடத்தை நடத்தி முடித்த மறுநாள், மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து விடையைப் படமாக வரைந்து தரச் சொன்னேன். நேர் மேலாக எறியப்பட்ட ஒரு பந்து கையை விட்டு விலகி மேலே போகும்போதும், உச்சியை எட்டும் கணத்திலும், கீழே இறங்கும்போதும் அதன் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்ட வேண்டும். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். நியூட்டனின் மூன்று விதிகளையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கக்கூடிய பிள்ளைகள்தாம் அவர்கள். இருந்தும், மேலே போகும் பந்துக்குப் பெரும்பாலோர் மேல்நோக்கி நீண்ட அம்பு ஒன்றை வரைந்து ‘கையின் விசை’ என்று பெயரிட்டிருந்தார்கள். உச்சியில் பலர் அம்பே வரையவில்லை. சிலர் மேலும் கீழுமாகச் சம நீளத்தில் இரண்டு அம்புகள் வரைந்து, ‘இரண்டும் சமமானதால் பந்து நிற்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். இறங்கும் பந்துக்கு மட்டும் எல்லோரும் சரியாக வரைந்திருந்தார்கள்.

மூன்று இடங்களிலும் இருப்பது ஒரே அம்புதான்: கீழ்நோக்கி, ஒரே நீளத்தில், பந்தின் எடை. இதைச் சொல்லிவிடுவது எளிது. தேர்வில் எழுதவும் செய்வார்கள். ஆனால் உள்ளுக்குள் பழைய படம் அப்படியே இருக்கிறது என்பதை அடுத்த கேள்வியிலேயே கண்டுகொள்ள முடிகிறது. அந்தப் படத்தை அவர்களே அழித்துவிட்டு வேறொன்றை வரையும்படி செய்வது எப்படி? பாடம் நடத்துபவர்களும் படிப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் எனக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்

அம்மா, உங்கள் மாணவர்கள் வரைந்த அந்த மேல்நோக்கிய அம்புக்கு நெடிய வரலாறு இருக்கிறது. இயற்கைக்கு மாறாக நகரும் பொருளை ஏதோ ஒன்று தொடர்ந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கருதினார். கையை விட்ட பொருளைச் சுற்றியுள்ள காற்றே தள்ளிச் செல்கிறது என்பது அவர் தந்த விளக்கம். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் அதை மறுத்து, எறிபவர் பொருளுக்குள்ளேயே ஏதோ ஒன்றைப் பதித்து அனுப்புகிறார் என்றார். 14ஆம் நூற்றாண்டில் பாரிசில் இருந்த பூரிடான் அந்தக் கருத்தை வளர்த்தெடுத்தார். ‘கையின் விசை’ என்று எழுதிய மாணவர் பிலோபோனஸ் நின்ற இடத்தில் நிற்கிறார். கூர்ந்த அறிவுடையவர்களே பல நூற்றாண்டுகள் நின்ற இடம் அது. அதனால் அந்த விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘நீ சொல்வது பந்துக்குள் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது விசை அன்று, அதன் பெயர் உந்தம்’ என்று தொடங்கினால் பிள்ளையின் முகம் மலர்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். அது பொருளோடு பயணம் செய்வது. விசையோ ஒரு பொருள் இன்னொரு பொருளின் மீது செலுத்துவது. தொடர்பு அறுந்த கணத்தில் தொடுவிசையும் முடிந்துவிடும்.

உச்சியைப் பொறுத்தவரை நான் கேட்பது ஒரே கேள்விதான். அந்தக் கணத்தில் திசைவேகம் சுழி. விசையும் சுழி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதற்கு அடுத்த கணத்தில் பந்து என்ன செய்யும்? நிலையாக இருக்கும் பொருள் புறவிசை இல்லாதவரை நிலையாகவே இருக்கும் என்று அவர்களே முதல் விதியைச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போதே, பந்து அந்தரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் ஓர் அமைதி விழும். அந்த அமைதியை ஆசிரியர் தம் குரலால் கெடுக்காமல் இருப்பது நல்லது.

பத்தாம் வகுப்பு மாணவன்

ஐயா, வணக்கம். நானும் போன ஆண்டு இரண்டு அம்புகள் வரைந்தவன்தான். உச்சியில் விசை இருந்தாக வேண்டும் என்பது உங்கள் கேள்வியால் புரிகிறது. ஆனால் மேலே போகும்போது என்ன நடக்கிறது என்பது இன்னும் தெளியவில்லை. கீழ்நோக்கி மட்டுமே விசை இருக்கிறது என்றால், பந்து எப்படி மேலே போகிறது? ஏதாவது ஒன்று அதைக் கொண்டுபோக வேண்டாமா?

பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்

தம்பி, ‘எது அதை மேலே கொண்டுபோகிறது’ என்று கேட்பதை விட்டு, ‘எது அதன் வேகத்தை மாற்றுகிறது’ என்று கேட்டுப் பார். விசையை விசாரிக்க வேண்டியது வேகம் மாறும் இடத்தில்தான்.

எண்களோடு பார்ப்போம். பந்தின் நிறை 0.16 கிலோகிராம் என்று கொள். அதன் எடை 0.16 × 9.8, அதாவது ஏறத்தாழ 1.6 நியூட்டன். பந்தைப் பற்றிய உன் கை 40 சென்டிமீட்டர் உயர்ந்து, வினாடிக்கு 4.9 மீட்டர் வேகத்தில் அதை விடுவிக்கிறது. அந்த 40 சென்டிமீட்டருக்குள் வேகம் சுழியிலிருந்து 4.9 ஆக வேண்டுமானால் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், ஏறத்தாழ 30 மீ/வி² இருக்க வேண்டும்; தொகுபயன் விசை, அதாவது எல்லா விசைகளும் சேர்ந்து தரும் நிகர விசை, 4.8 நியூட்டன். கீழே இழுக்கும் எடையையும் வென்றாக வேண்டும் என்பதால் கை தள்ளும் விசை 6.4 நியூட்டன். இவ்வளவும் பந்து கையில் இருக்கும் வரைக்கும்தான். விரல் விலகியதும் 6.4 சட்டென்று சுழியாகிவிடுகிறது. எஞ்சியிருப்பது கீழ்நோக்கிய 1.6 மட்டுமே. அது என்ன செய்கிறது? ஒவ்வொரு வினாடிக்கும் 9.8 மீ/வி வீதம் மேல்நோக்கிய வேகத்தைக் குறைக்கிறது. 4.9 மீ/வி அரை வினாடியில் தீர்ந்துபோகிறது. அதற்குள் பந்து 1.2 மீட்டருக்குச் சற்றே கூடுதலாக ஏறியிருக்கும். அதற்குப் பிறகும் அதே விசை, அதே வீதத்தில், வேகத்தை இப்போது கீழ்நோக்கிச் சேர்த்துக்கொண்டே போகிறது. நடுவில் எதுவும் மாறவில்லை. உச்சி என்பது வேகத்தின் கணக்கில் சுழியைக் கடக்கும் ஒரு புள்ளி. விசையின் கணக்கில் அதற்கு எந்தத் தனிச் சிறப்பும் கிடையாது.

இயந்திரப் பொறியாளர்

மாணவர் கேட்ட கேள்விக்கு அடியில் இருப்பது அன்றாட அனுபவம் என்று நினைக்கிறேன். மிதிவண்டியை மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது. அதனால் ‘ஓட வேண்டுமானால் விசை வேண்டும்’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் மிதிப்பதை நிறுத்தியதும் வண்டியின் மீது விசை இல்லாமல் போகவில்லை. முன்னோக்கிய விசை மட்டுமே போயிற்று; காற்றின் தடையும் சக்கரங்களின் உருளல் தடையும் அப்படியே இருக்கின்றன. வண்டி நிற்பதற்குக் காரணம் அந்த விசைகள் இருப்பதே. சமதளத்தில் மாறா வேகத்தில் ஓட்டும்போது முன்னோக்கிய விசையும் பின்னோக்கிய தடையும் சரிக்குச் சரியாக இருக்கின்றன, தொகுபயன் சுழி. நாம் மிதித்துக் களைப்பது அந்தத் தடைகளோடு மல்லுக்கட்டுவதால்தான்.

கலிலியோ சாய்தளங்களைக் கொண்டு இதைத்தான் சிந்தித்தார். ஒரு சரிவில் உருண்டு இறங்கும் குண்டு எதிர்ச் சரிவில் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைப் படிப்படியாகத் தாழ்த்தினால், அந்த உயரத்தை எட்டக் குண்டு மேலும் மேலும் நீண்ட தூரம் ஓட வேண்டும். சரிவே இல்லாத தளமாகிவிட்டால், உராய்வு இல்லாதபோது, அது நிற்பதற்குக் காரணமே இல்லை. இன்று இதற்கு நல்ல சான்று 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம். ஏறத்தாழ வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பின்னாலிருந்து எந்த இயந்திரமும் தள்ளவில்லை. அதிலுள்ள சிறு உந்திகள் கலத்தின் ஆண்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைக்கவே பயன்படுகின்றன. சூரியனின் ஈர்ப்பு அதன் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே எறிந்த பந்துக்கும் அதற்கும் உறவு அந்த அளவுக்கு நெருக்கமானது.

ஆசிரியை காற்றின் தடையை விலக்கிவிட்டார். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் ஓர் அழகான செய்தி கிடைக்கிறது. தடை எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். பந்து ஏறும்போது தடையும் கீழ்நோக்கியே செயல்படுவதால் முடுக்கத்தின் அளவு 9.8ஐ விடக் கூடுதல். இறங்கும்போது தடை மேல்நோக்கி இருப்பதால் 9.8ஐ விடக் குறைவு. உச்சியில் வேகம் சுழி, ஆகவே தடையும் சுழி. ‘முடுக்கமே இல்லை’ என்று பலர் நினைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் ஈர்ப்பு மட்டும் தனித்து நின்று பந்தை ஆள்கிறது.

ஒரு தாய்

என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்காக இந்த இழையை வாசிக்கிறேன். எல்லாம் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது. ஆனால் கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. பந்து உச்சியில் சற்று நேரம் நிற்பதை நான் பார்க்கிறேனே. ஒரு புள்ளியைக் கடந்து போவது போல் அது தோன்றவில்லையே?

அறிவியல் ஆசிரியை

நீங்கள் கேட்டதையே என் மாணவி ஒருத்தியும் கேட்டாள். விடை காண நாங்கள் கைப்பேசியில் காணொளி எடுத்தோம். சுவரில் அளவுநாடாவை ஒட்டி, அதன் அருகே பந்தை மேலே எறிந்து, வினாடிக்கு 30 படங்கள் வீதம் பதிவு செய்து, ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தோம். கணக்கின்படி, உச்சியிலிருந்து முதல் படத்துக்குள் பந்து இறங்குவது 5 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். இரண்டாவது படத்தில் உச்சியிலிருந்து 2.2 சென்டிமீட்டர், மூன்றாவதில் 4.9 சென்டிமீட்டர். உச்சிக்கு முன்னும் இதே தூரங்கள்தான். ஆகவே உச்சியின் இருபுறமுமாகச் சேர்த்து வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பந்து அந்த ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. கண்ணுக்கு அது நிற்பதாகத் தெரிவதில் வியப்பில்லை. நிற்கவில்லை, மிக மெதுவாக நகர்கிறது, அவ்வளவே.

எங்கள் படங்களில் பந்தின் விளிம்பு சற்று மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்தடுத்த படங்களுக்கு இடையிலான தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் வளர்வதை நாடாவில் படித்தறிய முடிந்தது. சீராக முடுக்கப்படும் இயக்கத்துக்குரிய இந்த விகிதத்தைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் எழுதினார். நேரத்தை அளக்க அவரிடம் இருந்தது, குழாய் வழியே வடியும் நீரை எடைபோடும் ஏற்பாடு. பிள்ளைகள் உச்சிக்கு முந்திய படங்களையும் பிந்திய படங்களையும் அருகருகே வைத்தபோது, இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ‘மேலே போனபோது இருந்த விசையே கீழே வரும்போதும் இருந்திருக்கிறது’ என்று ஒரு மாணவன் தானாகவே சொன்னான். அன்று மாலை முழுவதும் அந்தச் சொற்கள் எனக்குள் ஒலித்துக்கொண்டிருந்தன.

இலங்கைப் பாடத்திட்டத்தில் படித்தவர்

இந்த இழையை வாசிக்கும் இலங்கை மாணவர்களுக்காக ஒரு குறிப்பு. இங்கே ‘நிறை’ என்று எழுதப்படுவது நம் பாடநூல்களில் ‘திணிவு’; இங்கே ‘எடை’ எனப்படுவதே நமக்கு ‘நிறை’. முடுக்கத்தை நாம் ‘ஆர்முடுகல்’ என்போம். ஒரே சொல் இரு வழக்குகளில் இரு பொருள் தருவதால், கிலோகிராமா நியூட்டனா என்று அலகைப் பார்த்துப் பொருள் கொள்வது பாதுகாப்பானது.

ஒரு தாய்

காணொளி எடுத்துப் பார்த்தோம், மிக்க நன்றி அம்மா. மகள் இப்போது மூன்றாம் விதியில் நிற்கிறாள். மேசை மீது புத்தகம் இருக்கிறது. புத்தகம் மேசையை அழுத்துகிறது, மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது. செயலும் எதிர்ச்செயலும் சமம், ஆகவே புத்தகம் அசையவில்லை என்று எழுதியிருக்கிறாள். இது சரிதானா? சரியென்றால், எல்லா விசைக்கும் எதிர்விசை இருப்பதால் எந்தப் பொருளுமே நகரக் கூடாதே என்றும் அவளே கேட்கிறாள்.

பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்

உங்கள் மகள் தன் விடையில் உள்ள பிழையைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காத பிள்ளை மூன்றாம் விதியை மனப்பாடம் மட்டுமே செய்திருக்கிறது என்று கொள்ளலாம்.

செயலும் எதிர்ச்செயலும் ஒருபோதும் ஒரே பொருளின் மீது செயல்படுவதில்லை. அதனால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்வதும் இல்லை. புத்தகம் மேசையை அழுத்தும் விசை மேசையின் மீது செயல்படுகிறது. அதன் இணையாக மேசை தரும் விசை புத்தகத்தின் மீது செயல்படுகிறது. புத்தகம் ஏன் அசையவில்லை என்று அறியப் புத்தகத்தின் மீதுள்ள விசைகளை மட்டுமே எண்ண வேண்டும். அவை இரண்டு: பூமி கீழே இழுக்கும் எடை, மேசை மேலே தள்ளும் செங்குத்து விசை. இந்த இரண்டும் சமமாக இருப்பதால் தொகுபயன் சுழி. ஆனால் இவை மூன்றாம் விதி சொல்லும் இணை அல்ல. இது முதல் விதியின் கணக்கு. எடையின் உண்மையான இணை, புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுக்கும் விசை.

நம் பந்துக்கும் இது பொருந்தும். பூமி பந்தை 1.6 நியூட்டன் விசையால் இழுக்கும் அதே நேரத்தில் பந்தும் பூமியை அதே 1.6 நியூட்டன் விசையால் இழுக்கிறது. பூமியின் நிறை, 6க்குப் பின்னால் 24 சுழியங்கள் இட்டு எழுத வேண்டிய அளவு கிலோகிராம். 1.6ஐ அதனால் வகுத்தால் வரும் முடுக்கம் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. விசை சமம், விளைவு சமமில்லை, ஏனெனில் நிறை சமமில்லை.

மேசையின் விசையும் எடையும் இணை அல்ல என்பதற்குச் சான்று கேட்டால், புத்தகத்தை ஒரு மின்தூக்கிக்குள் கொண்டுபோகச் சொல்லுங்கள். அது மேல்நோக்கிப் புறப்படும்போது தளம் தரும் விசை எடையை விடக் கூடிவிடும். மூன்றாம் விதி இணைகளுக்கு அப்படி நேரவே முடியாது.

பத்தாம் வகுப்பு மாணவன்

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு, புத்தகத்துக்குப் பதிலாக நானே மின்தூக்கிக்குள் போய்ப் பார்த்தேன். முதலில் எண் காட்டும் மின்னணுக் கருவியைக் கொண்டுபோனேன். அது ஓர் எண்ணைக் காட்டியதும் அதிலேயே உறைந்துவிடுகிறது, மாற்றத்தைக் காட்டுவதில்லை. பிறகு முள் உள்ள பழைய எடைக் கருவியை எடுத்துப் போனேன். நிற்கும்போது 46 காட்டியது. மேல்நோக்கிப் புறப்பட்டதும் முள் 50 வரை போய், இரண்டு மூன்று வினாடிகளில் மீண்டும் 46க்கு வந்துவிட்டது. பிறகு பல தளங்களைக் கடக்கும் வரை 46இலேயே அசையாமல் இருந்தது. எனக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. மேலே போய்க்கொண்டே இருக்கிறேன், ஆனால் கருவிக்கு அது தெரியவே இல்லை. நிற்கப் போகும் நேரத்தில் முள் 42க்கு இறங்கியது. அப்போதும் நான் மேலேதான் போய்க்கொண்டிருந்தேன்.

50 காட்டியபோது முடுக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். கூடுதலாக 4 × 9.8 = 39.2 நியூட்டன், 46ஆல் வகுத்தால் 0.85 மீ/வி². சரியா?

இயந்திரப் பொறியாளர்

கணக்கு சரி. செய்முறையும் நன்று, முள் சற்று ஊசலாடும் என்பதால் 50 என்பதை ஏறத்தாழ 50 என்று கொள்வதே முறை. 42 காட்டிய நேரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். இயக்கம் மேல்நோக்கி, தொகுபயன் விசை கீழ்நோக்கி. கையை விட்டு மேலே போகும் பந்தின் நிலையும் அதுவே. நீங்கள் அந்தப் பந்துக்குள் இருந்து பார்த்திருக்கிறீர்கள் என்று சொன்னால் மிகையில்லை. பந்தைத் தாங்கத் தளம் இல்லை என்பதால் அதற்கு முள் 42க்கு அல்ல, சுழிக்கே இறங்கிவிடும்.

அறிவியல் ஆசிரியை

இந்தப் பதிவை நாளை வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறேன், தம்பி. அதற்கு முன் உன்னிடம் ஒரு கேள்வி. நூலில் தொங்கும் ஊசல் குண்டு ஒரு பக்கத்தின் கடைசி எல்லைக்குப் போய்த் திரும்பும் கணத்தில் திசைவேகம் சுழி. சரியாக அந்தக் கணத்தில் நூலை அறுத்தால் குண்டு எந்த வழியில் போகும்? மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடக்கும்போது அறுத்தால் எந்த வழியில் போகும்?

பத்தாம் வகுப்பு மாணவன்

அம்மா, எல்லையில் அறுத்தால் குண்டு நேர் கீழாக விழும். அந்தக் கணத்தில் அதற்கு வேகம் இல்லை. நூல் போன பிறகு எடை மட்டும்தான் இருக்கிறது. நம் பந்து உச்சியிலிருந்து விழுவதைப் போன்றதே. தாழ்ந்த புள்ளியில் அறுத்தால், அங்கே வேகம் கிடைமட்டமாகவும் மிக அதிகமாகவும் இருக்கிறது. அதனால் முன்னோக்கிப் போய்க்கொண்டே கீழே வளைந்து, பரவளையப் பாதையில் விழும். முன்னோக்கித் தள்ள எந்த விசையும் வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு படங்களிலும் கீழ்நோக்கி ஒரே ஓர் அம்புதான் வரைந்திருக்கிறேன்.

நூல் அறுபடாமல் இருக்கும்போது தாழ்ந்த புள்ளியில் இழுவிசை எடைக்குச் சமமாக இருக்கும் என்று முதலில் எழுதியிருந்தேன். அங்கே குண்டின் திசை வளைந்து மேலே திரும்புகிறது, அதாவது திசைவேகம் மாறுகிறது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இப்போது மேல்நோக்கிய இழுவிசையின் அம்பை எடையின் அம்பை விட நீளமாக வரைந்திருக்கிறேன்.

அறிவியல் ஆசிரியை

மூன்று படங்களும் சரி. இழுவிசை எடையை விட எவ்வளவு கூடுதல் என்பதை, தாழ்ந்த புள்ளியில் உள்ள வேகத்தின் இருமடியை நூலின் நீளத்தால் வகுத்து, அதைக் குண்டின் நிறையால் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கிடைமட்டம் வரை தூக்கி விட்டுக் கணக்கிட்டுப் பார். மொத்த இழுவிசை எடையைப் போல் மூன்று மடங்கு வரும். நூலை இரண்டு மீட்டராக நீட்டினாலும் அந்த மூன்று மாறுகிறதா என்று பார்த்து, காரணத்தோடு இங்கேயே எழுது.